முள் ஆடினால் பெட்டியைப் பார்!
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் படித்தபோது இது புதுவைப் பொறியியல் கல்லூரி. 2020 முதல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பெயர் மாறினாலும் பிள்ளைச்சாவடி கடற்காற்று மாறவில்லை. "உன் வேலையில் நடந்த வெற்றி ஒன்றைச் சொல்லு" என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். வெற்றியைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

2019 பிப்ரவரி. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். இங்கே பிள்ளைச்சாவடியில் விருந்தினர் விடுதி நடத்தும் நண்பர் கூப்பிட்டார். "மாப்ளே, ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பதி வீட்டையே வண்டியில ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க. வண்டி மக்கர் பண்ணுது. நீ இன்ஜினீயர்தானே, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். 1986-ஆம் வருட மெர்சிடிஸ் 207 டி வேன். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே வந்தவர்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது.

அவர்கள் சொன்ன குறைகள் இரண்டு. ஒன்று, ஸ்பீடோமீட்டர் முள் கன்னாபின்னாவென்று ஆடுகிறது. வண்டி நின்ற பிறகும் மெதுவாகத்தான் இறங்குகிறது. இரண்டு, கியர்பெட்டியில் ஊளைச் சத்தம். இதற்கு மேல் மூன்றாவது சங்கடமும் இருந்தது. இப்படி வரும் வெளிநாட்டு வண்டிகள் 'கார்னே' என்ற சுங்க ஆவணத்தில் வருகின்றன. குறித்த நாளுக்குள் வண்டி நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். தவறினால் சுங்கவரி தலையில் விழும். இங்கே விற்றுவிட்டும் போக முடியாது. அவர்களுக்கு மீதி இருந்தது 19 நாள்.

நான் என்ன செய்தேன்? இரண்டு குறையையும் இரண்டு தனி நோயாக எடுத்துக்கொண்டேன். முள் ஆடினால் கேபிள் கோளாறு என்று புதுக் கேபிள் செய்து போடச் சொன்னேன். பழைய கேபிளை உருவும்போது கையெல்லாம் பிசுபிசுப்பு. யாரோ கிரீஸ் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன். நாலே நாளில் புதுக் கேபிளும் அறுந்தது.

அடுத்து கியர்பெட்டி. இங்கே படித்ததை வைத்துச் சோதனை செய்தேன். நியூட்ரலில் கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றது. ஆகவே ரிலீஸ் பேரிங் இல்லை. நேரடி கியரான நாலாவதில் ஓடும்போது சத்தம் குறைவு, மற்ற கியர்களில் அதிகம். அப்படியானால் பளு ஏறும் லேஷாஃப்ட் பக்கம் கோளாறு. தர்க்கம் சரிதான். "பெட்டியை இறக்கணும்" என்று தீர்ப்பு எழுதினேன். அந்த அம்மாள் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

காலாப்பட்டிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். டெம்போ ட்ராவலர் வேலையில் கைதேர்ந்தவர். அந்த டெம்போ ட்ராவலருக்கு மூலவடிவம் இதே மெர்சிடிஸ் வேன் வரிசைதான் என்பதால் அவருக்கு வண்டி புதிதில்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கீழே வைத்த பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பெட்டியில எண்ணெய் இருக்கான்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. எண்ணெய் கீழே ஒழுகவே இல்லையே, பிறகு ஏன் பார்ப்பது என்பது என் நினைப்பு. அவர் பக்கவாட்டு ப்ளக்கைத் திறந்து விரலை விட்டார். விரல் காய்ந்தே வந்தது. பிறகு ஸ்பீடோமீட்டர் கேபிள் பெட்டியில் சேரும் இடத்தைத் தடவினார். எண்ணெயும் தூசியும் சேர்ந்த சேறு கையில் ஒட்டியது. "இதுதாங்க ரெண்டுக்கும் காரணம்" என்றார்.

காரணத்தை மாணவர்களுக்காக விளக்குகிறேன். அந்தக் காலத்து ஸ்பீடோமீட்டரைச் சுழற்றுவது கியர்பெட்டியின் வெளியேறும் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம். அது கேபிளைச் சுழற்றும். கேபிளின் மறுமுனையில் ஒரு காந்தம், அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதை இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிற்கும். இழுப்புக்கு ஏற்ப முள் நகரும். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

அந்தச் சின்னப் பல்சக்கரத்தின் தண்டில் ஓர் எண்ணெய் சீல் உண்டு. வயதாகி அது இறுகிவிட்டால், தண்டு சுழலும்போது தெறிக்கும் எண்ணெய் வழியாகக் கசியும். பெரும்பகுதி ஓட்டத்தில் காற்றோடு அடிவயிற்றில் பரவிவிடும். கொஞ்சம் கேபிள் வழியே மேலேறி மீட்டருக்குள் புகும். அங்கே காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே பிசின் போல நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முள் தாறுமாறாக ஆடியது, மெதுவாக இறங்கியது. உள்ளே இறுக்கம் கூடியதால் கேபிள் அறுந்தது. வண்டி நிற்கும்போது ஏன் ஒழுகவில்லை? அந்தத் துவாரம் நிற்கும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான்! எண்ணெய் வற்றிய பெட்டி ஊளையிட்டது. நான் கிரீஸ் என்று துடைத்துப் போட்டேனே, அதுதான் சாட்சி.

சீலை அளவெடுத்து வாங்கினோம். மீட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தோம். கையேட்டில் சொன்ன தர எண்ணெயையே தேடி ஊற்றினோம். கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது. சில எண்ணெய்களின் சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரித்துவிடும். பெட்டியை இறக்கவே இல்லை. சத்தம் முக்கால்வாசி போயிற்று. கால்வாசி நின்றுவிட்டது. வறண்டு ஓடிய நாட்களில் பேரிங் கொஞ்சம் அடிபட்டிருக்க வேண்டும். அதை மறைக்காமல் அவர்களிடம் சொன்னேன். 60-க்கு மேல் போகாதீர்கள், 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் பாருங்கள் என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மைல்கல்லை வைத்து முள்ளைச் சரிபார்த்தோம். முள் 60-இல் நிலையாக நின்றால் ஒரு கிலோமீட்டர் சரியாக 60 விநாடி. 58 விநாடி ஆயிற்று. டயர் அளவு சற்றுப் பெரிது. முள் குறைத்துக் காட்டுகிறது. அதையும் எழுதிக் கொடுத்தோம். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது எல்லை கடந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

இன்றைய வண்டிகளில் கேபிள் இல்லையே என்பீர்கள். மின்னணு தானியங்கி கியர்பெட்டி உள்ள மோட்டார் ஹோம்களிலும் இதே கதை உண்டு. வேகத்தைச் சொல்லும் சென்சார் தவறினால், பல வண்டிகளில் முள்ளும் விழும், கியர் மாறும் நேரமும் குழம்பும். இரண்டும் ஒரே நாளில் ஆரம்பித்தால் முதலில் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். பெட்டியில் கைவைப்பது கடைசி.

தம்பி தங்கைகளே, என் சோதனைகளில் பிழை இல்லை, வரிசையில்தான் பிழை. செலவில்லாத சோதனை முதலில், ஸ்பானர் பிடிப்பது பிறகு. இரண்டு குறை சேர்ந்து வந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். கையில் ஒட்டியதைத் துடைக்குமுன் அது என்னவென்று பாருங்கள். நாலு வருடம் இங்கே கற்றதோடு, அந்த அண்ணனின் ஒரு விரலிடமும் நான் பாடம் கற்றேன். அன்று அவர் கேட்காமல் இருந்திருந்தால், என் பட்டத்தை நம்பிய இரண்டு பேர் தங்கள் வீட்டையே இந்தக் கடற்கரையில் விட்டுப் போயிருப்பார்கள்.