நம்மை யார் எழுதுவது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பாலின அடையாளமும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவரிடமிருந்தே தொடங்குகிறேன். வெள்ளையர் அரசு குடிமதிப்பு எடுக்க வந்தபோது, அடுத்தவர் வைத்த பெயரில் பதிவாகாதீர்கள், சாதியற்ற திராவிடர் என்று நீங்களே சொல்லுங்கள் என்றவர் பண்டிதர். எண்ணுகிறவர் கையில்தான் பெயர் வைக்கும் அதிகாரமும் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் கேள்வியைத்தான் இன்று பாலினத்தை முன்வைத்துக் கேட்கிறேன்.

ஒரகடம் பக்கம் ஒரு சிறிய பெண்கள் விடுதி. அறைக்கு எட்டுப் பேர், எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அங்கே தங்கி வேலைக்குப் போகும் ஒரு தம்பியை எனக்குத் தெரியும். சேரியில் பிறந்த திருநம்பி. ஆதாரிலும் விடுதிப் பதிவேட்டிலும் அவர் பெண். அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அறையும் போகும், வேலையும் போகும். கணக்கெடுப்பு பற்றிப் பேச்சு வந்தபோது அவர் கேட்டார்: “எழுத வர்றவங்க வார்டன்கிட்டதானே அக்கா கேப்பாங்க? அந்த லிஸ்ட்ல என்ன இருக்கோ அதுதானே நான்?”

என்னிடம் பதில் இல்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இப்படி விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாழ்கிறவர்கள் ஏராளம். வீடுகளிலோ, குடும்பத்தலைவர் சொல்வதே எல்லோருக்குமான பதில். படிவத்தில் எத்தனை கட்டம் போட்டாலும், பதில் சொல்கிறவர் வேறொருவர் என்றால் அந்தக் கட்டத்தால் என்ன பயன்?

2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆண் 1, பெண் 2, மற்றவர் 3. முதன்முறையாக மூன்றாவது குறியீட்டுக்கும் எண்ணிக்கை வெளியானது: நாடு முழுவதும் 4,87,803 பேர். அதில் 54,854 பேர் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். கைக்குழந்தை தன் பாலின அடையாளத்தை அறிவிக்குமா? பெரியவர்கள் சொன்னதோ, எழுதியவர் தீர்மானித்ததோதான் அங்கே பதிவாகியிருக்கிறது. உடற்கூறு ஆண்-பெண் வரையறைக்குள் அடங்காத ஊடுபால் குழந்தையும், தன்னை உணர்ந்து வெளியே வந்த திருநங்கையும் ஒரே ‘மற்றவர்’. இரண்டு வேறு கேள்விகளை ஒரே கட்டத்தில் அடைத்ததன் விளைவு இது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்பில், ஆண், பெண், மூன்றாம் பாலினம் எதுவாகவும் தன்னை அடையாளப்படுத்திக்கொள்வது அவரவர் உரிமை என்றது. அப்படியானால் ஒரு திருநங்கை ‘பெண்’ என்று சொல்லலாம். சொன்னால் திருநர் எண்ணிக்கையிலிருந்து மறைந்துவிடுவார். ஆகவே ஒரு கேள்வி போதாது. கனடா 2021இல் பிறப்பில் பதிவான பாலையும் இன்றைய பாலினத்தையும் தனித்தனியாகக் கேட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் அதே ஆண்டு, இன்றைய அடையாளமும் பிறப்புப் பதிவும் ஒன்றா என்று சுற்றிவளைத்துக் கேட்டன. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் பலர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடும் என்ற சிக்கல் எழுந்தது. ஒடியாவும் இந்தியும் அசாமியும் பேசுகிற நம் தொழிற்பேட்டைக்கு இது பாடம். எளிய சொல், அவரவர் மொழி இரண்டும் வேண்டும்.

இதில் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 2011இல் ‘மற்றவர்’ என்று பதிவானவர்களில் 78,811 பேர் பட்டியல் சாதியினர். ஏறத்தாழ 16 விழுக்காடு. தமிழக அரசு 2015இல் திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதித் திருநங்கை எந்த வரிசையில் நிற்பது? சாதியை விட்டுப் பாலினமா, பாலினத்தை விட்டுச் சாதியா? எல்லாப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் தோழர்கள் போராடுவது இதற்காகத்தான். கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் ஒரு விழுக்காடு அப்படிக் கொடுத்தது. நாம் கேட்டால் “எத்தனை பேர்?” என்பார்கள். அந்த எண் நம்மிடம் இருக்க வேண்டும்.

2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக வெளியானது 1931 கணக்கெடுப்பில்தான். நம் கோரிக்கைகள் நான்கு. ‘மற்றவர்’ என்ற சொல் போக வேண்டும். பாலினத்தோடு, திருநரா என்ற இரண்டாவது கேள்வி வேண்டும். அது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், விரும்பினால் மட்டும். அந்தப் பதிலை வார்டனோ வீட்டுக்காரரோ அப்பாவோ அல்ல, அவரே தனியாகச் சொல்ல வழி வேண்டும். முடிவுகளைச் சாதியோடு சேர்த்து மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். ஆளை அடையாளம் காட்டிவிடும் அளவுக்குச் சிறிய எண்களை மறைத்தே வெளியிட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் பதிவை ரகசியம் என்கிறது. அதை விடுதி விடுதியாகப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் யாரையும் வெளியே வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். சொல்லாமல் இருப்பதும் அவர் உரிமை. அந்தத் தம்பி இந்த முறை ‘பெண்’ என்றே பதிவாகலாம். அது அவரே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். வார்டனின் பட்டியல் எடுத்த முடிவாக இருக்கக்கூடாது.