ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்தரை வாரம்

(நம் சங்கத்தின் உடல்நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பேங்க்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் மைத்துனருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தபோது தினமும் கூடப் போய் வந்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

"முதலில் கரன்ட்டும் மாத்திரையும், ஆபரேஷன் பிறகுதான்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் ஒரே கலவரம். கட்டி இருப்பது தெரிந்தும் வெட்டாமல் ஏன் நாள் கடத்துகிறார்கள்? உடனே ஆஸ்பத்திரியை மாற்று என்றார்கள் உறவினர்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழலாம். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள பகுதி. இடுப்பெலும்புக்குள் மிகக் குறுகலான இடம். பக்கத்திலேயே சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை அல்லது புராஸ்டேட். தாராளமாகச் சுற்றி வெட்டி எடுக்க அங்கே இடம் கிடையாது. ஆகவே கட்டி குடல் சுவரைத் தாண்டியிருக்கிறது, அல்லது நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. காட்டினால், முதலில் அதைச் சுருக்கப் பார்க்கிறார்கள்.

வழக்கமான முறையில் வாரத்துக்கு 5 நாளாக 28 நாள் கதிர்வீச்சு. கூடவே காலை, மாலை சாப்பாட்டுக்குப் பின் கேப்சிடபின் மாத்திரை. கதிர்வீச்சு கட்டியை இன்னும் பலமாகத் தாக்க இந்த மருந்து வழி செய்கிறது. 'கரன்ட் வைப்பது' என்ற பேச்சைக் கேட்டுச் சிலர் மின்சாரம் பாய்ச்சுவதாகப் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரே மாதிரிதான், அப்போது வலி தெரியாது.

இதை ஆபரேஷனுக்குப் பிறகு செய்தால் என்ன? ஜெர்மனியில் 800 பேருக்கு மேல் சேர்த்து இதைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளிவந்தது. 5 ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது, முன்னால் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு. பின்னால் பெற்றவர்களில் 13 பேருக்கு. சிகிச்சையின்போது வந்த கடுமையான பக்க விளைவுகளும் முன்னால் பெற்றவர்களுக்குக் குறைவு: 27-க்கு 40. கட்டியை எடுத்தபின் சிறுகுடல் அந்தக் காலி இடத்தில் இறங்கிக் கதிரில் மாட்டிக்கொள்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் வரவை மட்டும் படித்துச் செலவை விடக் கூடாது: ஆயுளில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சிலருக்கு 5 நாள் மட்டும் அதிக அளவில் கொடுப்பதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு 5 நாள், நமக்கு ஏன் 28 என்று சண்டை போட வேண்டாம்.

வயிற்றுப்போக்கு, ஆசனவாய் எரிச்சல், அசதி, உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து உரிதல் எல்லாம் வரலாம். வயிற்றுப்போக்கு அதிகமானால் அடுத்த மாத்திரையை விழுங்குவதற்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து.

28 நாள் முடிந்தபின் ஆபரேஷனுக்கு ஆறு, எட்டு வாரமோ, அதற்கு மேலுமோ காத்திருக்கச் சொல்வார்கள். கதிரின் வேலை அப்போதும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். என்னைக் கேட்டால் அபாயமான காலம் இதுதான். ரத்தம் நின்றுவிடும், பசி எடுக்கும். "குணமாகிவிட்டது, கத்தி எதற்கு?" என்று மைத்துனரே கேட்டார். பிறகு ஆபரேஷன் செய்து எடுத்த பகுதியைச் சோதித்தபோது அதில் நோய் மிச்சம் இருந்தது. சிலருக்குக் கட்டி முழுவதும் மறைவது உண்மை. அப்படிப்பட்டவர்களை ஆபரேஷன் இல்லாமல் கண்காணிக்கலாம் என்று பிரேசில் நாட்டு டாக்டர் ஆஞ்சலிதா ஹப்ர்-காமா காட்டியிருக்கிறார். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கோப்பும் ஸ்கேனும் வருடக்கணக்கில் பார்த்தாக வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நாம் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வதல்ல.

இன்னொன்று. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே தீர்மானித்துக் களிம்பு வாங்காதீர்கள். மைத்துனர் ஏழு மாதம் களிம்புதான் தடவினார்.

சிகிச்சை என்னவோ சில நிமிடம்தான். போய் வருவதற்குத்தான் அரை நாள். நம் குடியிருப்பில் யாருக்காவது இப்படி 28 நாள் போக வேண்டி வந்தால், கார் வைத்திருப்பவர்கள் முறை போட்டுக்கொள்ளலாம். செயலாளரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் என் பெயரை எழுதிவிட்டேன். மற்ற மூன்று நாள் காலியாக இருக்கிறது.