ஊராட்சியின் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

நம்ம எல்லாருக்கும் வீட்டு கரண்ட் பில் எவ்வளவுன்னு தெரியும். நம்ம ஊராட்சியோ மாநகராட்சியோ கட்டுற கரண்ட் பில் எவ்வளவுன்னு கேட்டா முழிப்போம். இன்னைக்கு அந்த பில்லைப் பத்திப் பேசலாம்.

உள்ளாட்சிக்குக் கரண்ட் முக்கியமா ரெண்டு விஷயத்துக்கு வேணும்: தெருவிளக்கு, தண்ணி ஏத்துற மோட்டார். ரெண்டையும் நிறுத்த முடியாது. ஊர் வளர வளர பில்லும் வளரும். அந்தப் பணம் சாலைக்கோ சாக்கடைக்கோ போக வேண்டிய பணத்துலேருந்துதான் போகுது.

இதை நேரடியா எதிர்கொண்ட ஊர், கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்துல இருக்குற ஓடந்துறை. 1996-ல ஆர். சண்முகம் ஊராட்சித் தலைவரானார். குடிதண்ணித் திட்டம், தெருவிளக்குன்னு வசதிகள் வந்தப்போ கரண்ட் செலவும் எகிறுச்சு. அதைக் குறைக்க 2003-ல 9 கிலோவாட் பயோமாஸ் கேஸிஃபையர் ஒண்ணு வெச்சாங்க. வேலை, தண்ணி பம்ப்பை ஓட்டுறது.

கேஸிஃபையர்னா என்ன? விறகைத் திறந்த அடுப்புல எரிச்சா சூடு கிடைக்கும், சாம்பல் மிஞ்சும். அதே விறகுத்துண்டுகளை மூடின கலத்துல, போதுமான காத்து குடுக்காம அரைகுறையா எரிச்சா, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு வரும். அதைக் குளிரவெச்சு, தாரை வடிகட்டி, எஞ்சினுக்குள்ள விட்டா ஜெனரேட்டர் சுத்தும். ஒரு யூனிட் கரண்டுக்குத் தோராயமா ஒண்ணேகால் கிலோ காய்ஞ்ச விறகு ஆகும்னு வெச்சுக்குங்க. 9 கிலோவாட் மெஷினை எட்டு மணி நேரம் முழுசா ஓட்டினா 72 யூனிட். அதுக்கு 90 கிலோ விறகு.

கணக்கு இங்கதான் சுவாரஸ்யமாகுது. மரக்கழிவு சும்மா கிடைச்சா எரிபொருள் செலவே இல்ல. கிலோ ஆறு ரூபாய்னா, விறகுக்கு மட்டும் யூனிட்டுக்கு ஏழரை ரூபாய். ஃபில்டரைச் சுத்தம் பண்ற ஆள் சம்பளம் தனி. ஆக, பயோமாஸ் திட்டத்தோட உயிர் மெஷின்ல இல்ல. யார், எவ்வளவு தூரத்துலேருந்து, என்ன விலைக்கு விறகு தர்றாங்கங்கறதுலதான் இருக்கு.

ஐரோப்பாவுலயும் இதே பாடம்தான். ஆஸ்திரியாவுல கூஸிங்னு சின்ன ஊர், மக்கள் தொகை நாலாயிரத்துக்கும் கீழ. 1990-ல பெட்ரோலியம், நிலக்கரி எல்லாத்தையும் விட்டுடலாம்னு நகர மன்றம் முடிவெடுத்துச்சு. அவங்க முதல்ல செஞ்சது பிளான்ட் கட்டுறது இல்ல, நகராட்சிக் கட்டடங்கள்ல விரயத்தைக் குறைச்சதுதான். அப்புறம் சுத்தி இருக்குற காட்டு மரத்தை வெச்சு வீடுகளுக்குச் சூடு. 2001-ல 2 மெகாவாட் கேஸிஃபிகேஷன் நிலையம். உலகமே வந்து பார்த்துட்டுப் போச்சு. ஆனா மர விலை ஏறிச்சு, கரண்டுக்குக் கிடைச்ச சிறப்பு விலை காலம் முடிஞ்சுது, 2016-ல அந்த நிலையம் நின்னே போச்சு. டெக்னாலஜி தோத்ததால இல்ல, வரவு செலவு ஒத்துவராததால.

ஓடந்துறை அடுத்த படியா காத்தைப் பிடிச்சாங்க. 2006-ல 350 கிலோவாட் காற்றாலை. செலவு 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் சொந்த நிதி, மிச்சம் வங்கிக் கடன். அது ஓடந்துறையில இல்ல, காத்து நல்லா வீசுற உடுமலைப்பேட்டை பக்கம் நிக்குது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 6.75 லட்சம் யூனிட். ஊருக்குத் தேவை 4.5 லட்சம், மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்தாங்க. 350 கிலோவாட் ஓயாம சுத்தினா 30 லட்சம் யூனிட்டுக்கு மேல வரணுமேன்னு தோணலாம். காத்து அப்படி வீசாது. அஞ்சுல ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினாலே நல்ல விளைச்சல்தான்.

எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது, எல்லா ஊர்லயும் விறகும் கிடைக்காது. ஆனா வரிசை எல்லாருக்கும் ஒண்ணுதான்: முதல்ல அளக்கணும், அடுத்து விரயத்தைக் குறைக்கணும், அதுக்கப்புறம் நம்ம பக்கத்துல என்ன கிடைக்குதோ அதுலேருந்து தயாரிக்கணும். நேரா மூணாவதுக்குத் தாவுனா, திறப்பு விழா கல்வெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த கிராம சபைக்கோ உங்க வார்டு பகுதி சபைக்கோ போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருஷம் தெருவிளக்குக்கும் தண்ணிக்கும் கரண்ட் பில் எவ்வளவு?" பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அந்த நம்பரை வெச்சே பேசலாம்.