முதலில் மைதானத்தைக் கொடுங்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஐந்து நிமிஷம்தான், அதற்கு மேல் கூடாது’ என்று செயலாளர் காதோடு சொல்லிவிட்டார். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் கதையைச் சொல்லப் போகிறேன். நம் கல்லூரிக் கதை இல்லை, அமெரிக்கக் கதை. ‘இங்கே எதற்கு அது?’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ‘டைட்டில் நைன்’ என்பார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் அதன் பலன் பளிச்சென்று தெரிந்தது விளையாட்டு மைதானத்தில்தான். பையன்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்கும் வேண்டும் என்றாகி, பயிற்சியாளர், பணம், உதவித்தொகை எல்லாம் மெள்ள மெள்ள வந்தன.

அப்படியும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணி முதன்முதலில் களம் இறங்கியது 1995-ல்தான். பயிற்சியாளர் பெக்கி பர்லிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜார்ஜியாவில் பெர்ரி என்ற சின்னக் கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்.

எதிரே இருந்தது யார் தெரியுமா? வட கரோலினா. பெண்களுக்கான தேசிய கல்லூரிப் போட்டி 1982-ல் தொடங்கியது. 1997 வரை நடந்த 16 போட்டிகளில் 14 முறை பட்டம் அவர்களுக்கே. மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் ஆடினார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

1998, ஃப்ளோரிடாவுக்கு நான்காவது வருஷம். அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்றது ஒரே ஆட்டம்தான், அதுவும் வட கரோலினாவிடம். டிசம்பரில் இறுதிப் போட்டிக்குப் போனால், அங்கேயும் அதே வட கரோலினா! ஆட்டம் நடந்ததும் அவர்கள் மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகரில். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே ஒரு ஃப்ரீ கிக். டேனியல் ஃபோட்டோபுலோஸ் அடித்தார், கோல்! மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். 26 வெற்றி, ஒரு தோல்வி, தேசியப் பட்டம்.

அந்த அணியில் முதலாண்டு மாணவியாக இருந்தவர் ஆபி வாம்பாக். 2015-ல் அவர் ஓய்வு பெற்றபோது சர்வதேசப் போட்டிகளில் 184 கோல்கள். அன்றைக்கு உலகத்தில் எந்த ஆணும் பெண்ணும் அத்தனை அடித்ததில்லை.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். 1994-லும் அந்த ஊரில் திறமையான பெண்கள் இருந்திருப்பார்கள். ஆட ஓர் அணிதான் இல்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம் காலத்தில் பெண்களுக்கு விடுதிப் பின்பக்கம் த்ரோபால், டென்னிகாய்ட். பெரிய மைதானம் பையன்களுக்கு. ஒரு வருஷம் பதிமூன்று பேர் சேர்ந்து காலை ஆறு மணிக்குக் கால்பந்து ஆடினோம். ஏழு மணிக்குள் இடத்தைக் காலி பண்ணிவிட வேண்டும். போட்டிக்குப் பேர் கொடுக்கப் போனபோது, ‘ஏம்மா, கை கால் உடைஞ்சா உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?’ என்றார் ஒருவர். பையன்களுக்கு உடைந்தால் யார் பதில் சொல்கிறார்கள் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. ஒரு மேட்ச்கூட ஆடாமல் அணி கலைந்தது. எங்கள் கோல் கீப்பர் இதோ இரண்டாம் வரிசையில், பேத்தியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

‘நம்ம பொண்ணுகளுக்கு இதெல்லாம் சரிப்படுமா?’ என்று இனியும் யாரும் கேட்க முடியாது. 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டம் வாங்கியது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது.

காலையில் சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றிப் பேசினோம். கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். வாரத்தில் மூன்று நாள் மாலை பெரிய மைதானம் மாணவிகளுக்கு. ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம். மைதானத்து ஓரமாக உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறையோடு. கோல் கீப்பரும் நானும் எங்கள் பங்குக்குக் காசோலை கொண்டு வந்திருக்கிறோம். பொருளாளர் மேடையை விட்டு இறங்குமுன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டம் நாலு வருஷத்தில் வரலாம், நாற்பது வருஷத்திலும் வரலாம். முதலில் அந்தப் பிள்ளைகள் ஒரு மேட்ச் ஆடட்டும்.