ஒற்றும் உண்மையும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



"ஆண்டு விழா மேடையில் ஒற்றர்களைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று செயலாளர் அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒற்று என்றதும் இருட்டும் மாறுவேடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலுக்கென்றே தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. செய்தியைத் திரட்டுவது ஒரு வேலை. திரட்டியவற்றைச் சேர்த்துச் சீர்தூக்கி, ஆள்வோர் முன் அஞ்சாமல் உரைப்பது வேறொரு வேலை. அவ்விரண்டாம் வேலையை மேற்கொண்ட இருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதலாமவர் அமெரிக்க நாட்டு அட்மிரல் டென்னிஸ் பிளேர். தலைமுறை தலைமுறையாகக் கடற்படைப் பணி புரிந்த குடும்பத்தில் 1947-ல் பிறந்தவர். 1968-ல் அனாபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் தேறி, ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். 1999 முதல் 2002 வரை பசிபிக் படைப்பிரிவு முழுவதற்கும் தலைமை தாங்கி ஓய்வு பெற்றார். 2009 ஜனவரியில் தேசிய உளவுத்துறை இயக்குநர் பதவி அவரைத் தேடி வந்தது.

அப்பதவி தோன்றிய வரலாற்றை நாம் அறிய வேண்டும். 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கும் வாஷிங்டனும் தாக்கப்பட்டன. முன்னறிகுறிகள் இல்லாமற் போகவில்லை. அவை வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒரு தலைவர் வேண்டும் என்று 2004-ல் சட்டம் இயற்றினர். பிளேரின் பொறுப்பில் வந்த அமைப்புகள் 16. பொறுப்பு அவருடையது, அதிகாரமோ பலரிடம் பங்கிடப்பட்டிருந்தது.

2009 கிறிஸ்துமஸ் நாளன்று, டெட்ராய்ட் நகரை நெருங்கிய விமானத்தில் ஓர் இளைஞன் வெடிமருந்தைக் கொளுத்த முயன்றான். அது சரிவர வெடிக்கவில்லை. ஏறத்தாழ 290 பேர் உயிர் பிழைத்தனர். அவ்விளைஞனின் தந்தையே சில வாரங்களுக்கு முன்பு அமெரிக்கத் தூதரகத்திற்குச் சென்று தம் மகனைப் பற்றி எச்சரித்திருந்தார். பெற்ற தந்தை நெஞ்சு நொந்து சொன்ன சொல் ஒரு கோப்பில் உறங்கிற்று. பிற செய்திகள் வேறு கோப்புகளில் உறங்கின. 2010 மே மாதத்தில் பிளேர் பதவியினின்று விலகினார்.

இனி நம்மவருக்கு வருவோம். இங்கே அத்தகைய பணியில் அமர்ந்தவர் கடலோடி அல்லர். காவிரிக் கரையாகிய திருச்சிராப்பள்ளியில் 1929-ல் பிறந்த கே. சுப்பிரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். 1968-ல் டெல்லியிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் இயக்குநரானார். 1977 முதல் 1979 வரை கூட்டு உளவுக் குழுவின் தலைவராக விளங்கினார். உளவு அமைப்புகள் அனுப்பும் செய்திகளைச் சீர்தூக்கி மதிப்பிடுவதே அக்குழுவின் பணி. அதிகாரத்தில் அமெரிக்கப் பதவிக்கு அது இணையன்று. ஆயினும் பணியின் சாரம் ஒன்றே.

1980-ல் ஆட்சி மாறியபோது அவர் பாதுகாப்பு உற்பத்திச் செயலராக இருந்தார். அப்பதவியினின்று அகற்றப்பட்டார். அவர் முடங்கினாரா? இல்லை. மீண்டும் ஆய்வு நிலையத்திற்கே சென்று 1987 வரை அதனை நடத்தினார். பதவி போயிற்று, எழுதுகோல் போகவில்லை.

1999-ல் கார்கில் மலைமுகடுகளில் 500-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிர் நீத்தனர். பகைவர் நுழைந்ததை முன்னரே அறியாதது ஏன் என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். ஒரு காலத்தில் தாம் வீற்றிருந்த ஆசனத்தைத் தாமே விசாரிக்கும் நிலை! அவர் மழுப்பவில்லை. துண்டு துண்டாகச் செய்திகள் இருந்தன, சேர்த்துப் பார்க்கப்படவில்லை என்றும், கூட்டு உளவுக் குழுவுக்குரிய மதிப்பை உளவு அமைப்புகளும் தரவில்லை, அரசும் தரவில்லை என்றும் அக்குழு எழுதிற்று. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த அறிக்கையை அரசு வெளியிடாமலே வைத்தது; இவ்வறிக்கையோ, காக்க வேண்டிய சில பகுதிகள் நீங்கலாக, 2000-ல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டு நூலாகவும் வந்தது. அதன் பின்னர் 2002-ல் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு அமைப்பு தோன்றிற்று.

அதே 1999-ல் பத்ம பூஷண் விருது அவரை நாடி வந்தது. அரசு அலுவலரும் பத்திரிகையாளரும் அரசு தரும் விருதை ஏற்கலாகாது என்று கூறி மறுத்துவிட்டார். அவர் 2011 பிப்ரவரியில் டெல்லியில் மறைந்தார்.

அன்பர்களே! இந்த ஜனக்புரியில் நம்முள் பலர் கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள். மேலதிகாரி விரும்பும் குறிப்பை எழுதுவதா, உள்ளதை எழுதுவதா என்று தயங்கிய மாலைப்பொழுது நம் எல்லோர்க்கும் உண்டு. நானும் தயங்கியிருக்கிறேன், ஒருமுறை உள்ளதை எழுதாமல் விட்டும் இருக்கிறேன். அன்று எழுதாத அந்த நான்கு வரிகள் இன்றும் எனக்கு மனப்பாடம். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. ஆனால் அதை நான் மறக்கவும் இல்லை.

இளைஞர்களே! நாளை நீங்கள் கப்பலிலோ அலுவலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ அமர்வீர்கள். உங்கள் மேசைக்கு வரும் செய்தி சிறிதாக இருக்கலாம். அதைப் பக்கத்து மேசையில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். எங்கோ ஒரு விமானத்தில் இருப்பவர்களும், எங்கோ ஒரு மலையில் நிற்பவர்களும் அந்தச் சில வரிகளை நம்பியிருக்கக் கூடும்.