சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?

சர்க்கரை நோய்க்கு மருந்தாளுநர் தரும் ஆலோசனை என்றதும், "சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு" என்று சொல்லிக் கவரில் கோடு போட்டுக் கொடுப்பதுதான் பலருக்கு நினைவு வரும். சொன்னால் மட்டும் போதாது, நோயாளி செய்வதைப் பார்க்கவும் வேண்டும் என்பேன் நான்.

எங்கள் மருந்தகத்துக்கு ஓர் அம்மா வந்தார். "தம்பி, டாக்டர் ஊசி அளவைக் கூட்டிக்கிட்டே போறாரு, சுகர் இறங்கவே மாட்டேங்குது" என்றார். வீட்டில் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டச் சொன்னேன். கைப்பையிலிருந்து எடுத்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இன்சுலின் பாட்டிலோ 40 யூனிட் வகை.

நேயர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 40 வகை மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால் இன்னும் ஆபத்து. 100 வகையைச் சிவப்பு சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை சரிந்து ஆள் மயங்கிவிடலாம்.

அந்த அம்மாவுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து உடனே அனுப்பிவிட முடியாது. குறைவாகப் போன மருந்தை வைத்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். சிரிஞ்சை மட்டும் சரிசெய்தால் கூட்டிய அளவு முழுதும் உள்ளே போய்விடும். அதனால் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டு, புது அளவைக் கேட்டு, அந்த அம்மா தன் கையாலேயே இழுத்துக் காட்டிய பிறகுதான் அனுப்பினேன்.

அப்படியே வயிற்றில் ஊசி போடும் இடத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தினமும் ஒரே இடத்தில் போட்டால் அங்கே கொழுப்பு தடித்து, மருந்து சரியாக உடம்பில் சேராது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

மாத்திரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளிமிபிரைட் மாதிரியான மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகளே சொல்கின்றன, ஆகவே கூச்சமில்லாமல் கேளுங்கள். இன்னொன்று, பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் மட்டும் வேண்டாம். அடுத்த முறை மெடிக்கலுக்குப் போகும்போது பாட்டிலையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.