தாய்மாமன் இருந்தும்

பெரிய முதலியார்சாவடி மீனவச் சொந்தங்களே!

ஆன் ஃபிராங்கின் டைரியை உங்கள் பிள்ளைகளில் சிலர் படித்திருப்பார்கள். நான் பேச வந்தது அவள் அப்பா ஓட்டோ ஃபிராங்க் எழுதிய கடிதங்களைப் பற்றி. ஜெர்மனியிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பி வந்த யூதக் குடும்பம் அது. 1938-இலேயே அமெரிக்க விசாவுக்கு மனுப் போட்டார். 1940 மே மாதம் ராட்டர்டாம் மீது விழுந்த குண்டில், அங்கே கொடுத்திருந்த அந்த மனுக் காகிதமெல்லாம் எரிந்தது. 1941 ஏப்ரலில், அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்த பழைய நண்பரிடம் பிணைத்தொகையாக 5,000 டாலர் கேட்டு எழுதினார். மானமுள்ள மனிதர், இரண்டு பெண்பிள்ளைகளுக்காகக் கை நீட்டினார்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்கள் இருவர், ஜூலியஸ், வால்ட்டர். அமெரிக்காவில் ஆலைத் தொழிலாளிகள். கூலி கொஞ்சம்தான்; ஆனாலும் பொறுப்பேற்க முன்வந்தார்கள். நம் ஊர்த் தாய்மாமன் வேறென்ன செய்திருப்பான்? ஆனால் அந்த ஜூனில் விசா விதிகள் இறுகின. ஜூலையில் ஜெர்மனியின் பிடியிலிருந்த ஊர்களில் அமெரிக்கத் துணைத் தூதரகங்களே மூடப்பட்டுவிட்டன. டிசம்பர் 1-ஆம் தேதி ஓட்டோவுக்கு மட்டும் கியூபா விசா கிடைத்தது. பத்தே நாளில் ஜெர்மனி அமெரிக்கா மேல் போர் அறிவித்தது. அந்த விசாவும் ரத்து. தப்ப வழியில்லாமல் போய், 1945-இல் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இதே ஈசிஆர் சாலையில் மரக்காணம் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு. ஐயனாருக்குப் பொங்கல் வைக்கப் போகிறோமே, அந்த ஊர்தான். அங்கே ஈழத்துச் சொந்தங்கள் முகாமில் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும். கனடாவில் சித்தப்பா, லண்டனில் மாமா என்று உறவு இல்லாத முகாம் தமிழ்நாட்டில் ஏது? ஸ்பான்சர் செய்ய ஆள் உண்டு. கையில் பாஸ்போர்ட் இல்லை. நம் மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் இல்லை என்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது!

வழி அடியோடு அடைபடவில்லை, ஐயா. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போனார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்புச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதல் ஓட்டுப் போட்டார்.

அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களில் பலருக்குச் சட்டம் மாற வேண்டும். அதற்கான மனுவை இந்தக் கூட்டத்திலேயே எழுதுவோம். அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று தேட வேண்டும், விண்ணப்பம் நிரப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுங்கள். வருகிற ஞாயிறு காலை கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போகிறோம்.